ஆன்லைனில் விற்ற சரக்குக்கு வந்த செக் திரும்பிவிட்டதா? கிருஷ்ணகிரி, தருமபுரி வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

மாங்கூழ், புளி, மஞ்சள், பர்கூர் சேலை, ஓசூர் ரோஜா என்று இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வாட்ஸ்அப்பிலும் இணையச் சந்தைகளிலும் ஆர்டர் பிடித்து வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வாங்குகிறவரின் முகம் தெரியாது. குரல் தெரியும், ஜிஎஸ்டி எண் தெரியும், அவ்வளவுதான். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு அவர் கொடுத்த செக் திரும்பிவிட்டால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் வந்து நிற்கிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தும் பலருக்குக் கைவிட்டுப் போவதற்குக் காரணம் நாள் தவறிப்போவதுதான். அதனால் இங்கே நாள் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

செக் திரும்பிவிட்டது என்று பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. முதல் வேலை என்ன?

பேங்குக்குப் போய் இரண்டு தாள்களை வாங்குங்கள். ஒன்று அசல் செக். இன்னொன்று அதோடு வரும் ரிட்டர்ன் மெமோ. என்ன காரணத்தால், எந்தத் தேதியில் திரும்பியது என்று அந்த மெமோவில் இருக்கும். பேங்கின் முத்திரையோடு வரும் மெமோவையே செக் திரும்பியதற்கான ஆதாரமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மாற்றி நிரூபிக்க வேண்டிய வேலை எதிராளிக்கு. மெசேஜ் வந்த தேதியையும் மெமோ கைக்கு வந்த தேதியையும் குறித்துவையுங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம்.

பிறகு சரக்கு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள்: பில், இ-வே பில், லாரி ரசீது, பார்சல் ஆபீஸில் டெலிவரி எடுத்த கையெழுத்து, விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடல். இதையெல்லாம் முடிக்கும் முன் அவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். கோபத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையைப் பதிவு செய்து, மிரட்டினார் என்று உங்கள் மேலேயே திருப்பிவிட முடியும்.

எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும்? தெளிவாகச் சொல்லுங்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவு இருக்கிறது. 1989 ஏப்ரல் 1 முதல் செக் திரும்புவதைக் குற்றமாக்கியது அதுதான். அந்தப் பிரிவைப் பயன்படுத்த நான்கு கட்டங்கள் உண்டு. ஒன்று தவறினாலும் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைப் பேங்கில் போட்டிருக்க வேண்டும். முன்பு ஆறு மாதம் இருந்தது. 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம்தான். செக் திரும்பிய தகவல் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால், அந்த 15 நாள் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

தேதி வைத்துப் பார்ப்போம். ஜூலை 3 அன்று மெமோ வருகிறது. ஆகஸ்ட் 2-க்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். நீங்கள் ஜூலை 10 அன்று அனுப்பி, அவர் 14 அன்று வாங்கினால், அவருக்கு 29 வரை அவகாசம் உண்டு. ஜூலை 30 முதல் உங்களுக்கு வழக்கு போடும் உரிமை பிறக்கிறது. ஆகஸ்ட் 29-க்குள் தாக்கல் செய்துவிட்டால் நாளைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். அவருடைய 15 நாள் முடியும் முன்னால் அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் அந்தப் புகார் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. இன்னொன்று: கடைசி ஒரு மாதம் தவறினால் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், நீதிமன்றம் ஏற்கவும் கூடும். நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அப்படி ஒரு வழி கிடையாது.

வாங்கியவர் ‘அடுத்த வாரம் மறுபடி போடுங்க, கண்டிப்பா பாஸ் ஆகும்’ என்று கெஞ்சுகிறார். நம்பலாமா?

மறுபடி போடத் தடை இல்லை. செக்கின் மூன்று மாத ஆயுளுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். முதல் முறை திரும்பியதும் வழக்கு போடாமல் விட்டிருந்தாலும், இரண்டாம் முறை திரும்பிய பிறகு புதிதாக நோட்டீஸ் அனுப்பி வழக்கு போடலாம். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

ஆனால் ‘அடுத்த வாரம்’ என்பது ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போகும். செக்கின் ஆயுளும் முடியும், முதல் மெமோவின் 30 நாளும் முடியும். இரண்டும் முடிந்துவிட்டால் அந்த செக்கை வைத்து 138 வழக்கு கிடையாது. என் யோசனை இது: மறுபடி போடுவதாக இருந்தால் உடனே, முதல் மெமோவின் 30 நாள் கையில் இருக்கும்போதே போடுங்கள். தவணை கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ‘இந்தத் தேதிக்குள் இவ்வளவு தொகை தருகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் அவரே அனுப்பினால், கடன் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிறது. உறவு முறியுமே என்று நோட்டீஸ் அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நோட்டீஸ் வழக்கு அல்ல. அவர் பணம் கட்டிவிட்டால் அதோடு முடிந்தது.

நோட்டீஸை வக்கீல்தான் அனுப்ப வேண்டுமா? அதில் என்ன இருக்க வேண்டும்?

சட்டம் கேட்பது எழுத்து மூலமான நோட்டீஸ். நீங்களே கையெழுத்துப் போட்டும் அனுப்பலாம். இருந்தாலும் வக்கீலிடம் போவது நல்லது என்பேன். காரணம், தொகை. செக்கில் என்ன தொகை இருக்கிறதோ அதே தொகையை நோட்டீஸில் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில் செக் ஒரு கோடி ரூபாய்க்கு. நோட்டீஸில் இரண்டு கோடி என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள், ஏற்கப்படவில்லை. நோட்டீஸே செல்லாது என்று வழக்கு போய்விட்டது. வட்டி, லாரி வாடகை, நோட்டீஸ் செலவு எல்லாம் கேட்கலாம், தனித்தனி வரியாக. செக் தொகையோடு கூட்டி ஒரே மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள்.

செக் எண், தேதி, பேங்க், எந்தச் சரக்குக்காகக் கொடுத்தது, என்று என்ன காரணத்தால் திரும்பியது, 15 நாளுக்குள் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவும் இருந்தால் போதும். ஸ்பீட் போஸ்டில், கையில் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். பில்லில் உள்ள முகவரி, ஜிஎஸ்டி பதிவில் உள்ள முகவரி, சரக்கு இறக்கிய முகவரி மூன்றும் வேறாக இருந்தால் மூன்றுக்கும் அனுப்புங்கள். ஆன்லைன் வியாபாரத்தில் இது அடிக்கடி வருகிறது. அதன் நகலை வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் போட்டுவையுங்கள். மின்வழி நோட்டீஸை ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. அதை மட்டும் நம்பித் தபாலை விட்டுவிட வேண்டாம்.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது?

பயப்பட வேண்டாம். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால், ‘வாங்க மறுத்தார்’, ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பினாலும் சேர்ந்ததாகவே கருதப்படும். சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உண்மையிலேயே நோட்டீஸ் வரவில்லை என்றால், சம்மன் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டுப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கட்டும், அதையும் செய்யாதவர் நோட்டீஸ் வரவில்லை என்று பேச முடியாது. திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

அவர் டில்லியில் இருக்கிறார். நான் டில்லிக்குப் போய் வழக்கு நடத்த வேண்டுமா?

வேண்டாம். பலர் இதற்குப் பயந்தே பணத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். 2014-ல் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கின் தீர்ப்பு வந்தபோது, செக் கொடுத்தவரின் பேங்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு என்று ஆனது. விற்றவர்கள் ஊர் ஊராக அலைய வேண்டிய நிலை. 2015-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி அதை மாற்றியது. இப்போது செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கே வழக்கு போடலாம். காவேரிப்பட்டணம் கிளையில் கணக்கு என்றால் டில்லிக்காரர்தான் கிருஷ்ணகிரிக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. செக்கை எந்தக் கிளையில் போட்டீர்கள் என்பது கணக்கில் வராது. கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் அங்கே திறந்த கணக்கையே இன்னும் வியாபாரத்துக்கு வைத்திருக்கிறவர்கள் நம் பக்கம், குறிப்பாக ஓசூர், சூளகிரியில், நிறையப் பேர். அவர்கள் வழக்கு பெங்களூருக்குப் போகும். கணக்கை ஊர்க் கிளைக்கு மாற்றிக்கொள்வது ஒரு மனு வேலை. அடுத்த ஆர்டருக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

மெமோவில் ‘பணம் போதவில்லை’ என்று இல்லை. ‘பேமென்ட் ஸ்டாப்’ என்று இருக்கிறது. வழக்கு செல்லுமா?

செல்லும். பணம் கொடுக்காதே என்று அவரே பேங்குக்குச் சொன்னாலும், கணக்கை மூடிவிட்டாலும், வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டாலும் 138 பொருந்தும் என்று வெவ்வேறு காலங்களில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனால் அந்த செக் திருட்டு செக்காகவோ போலியாகவோ இருந்தால் கதை வேறு. கணக்குக்கு உரியவர் கையெழுத்தே போடாத செக்குக்கு அவர் மேல் 138 போட முடியாது. அது போலி ஆவணக் குற்றம்; நேராகப் போலீசுக்குப் போக வேண்டியது.

செக் ரிட்டர்ன் ஆனதற்குப் போலீசில் புகார் கொடுத்தால் பிடித்துக் கொடுப்பார்களா?

138 வழக்கில் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது. நீங்கள் நேரடியாகக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம் என்பதால் எடுத்த எடுப்பில் கைதும் இருக்காது.

ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும். செக் கொடுத்த நாளிலேயே அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்தது, கொடுத்த ஜிஎஸ்டி எண் வேறு ஒருவருடையது, சரக்கு இறங்கிய அன்றே போன் அணைக்கப்பட்டது, இப்படிப்பட்டவை மோசடியின் அடையாளங்கள். அப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் புகார் கொடுக்கலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-தான் 2024 ஜூலை 1 முதல் இந்தப் புதிய சட்டத்தில் இந்த எண்ணில் இருக்கிறது. உள்ளூர் ஸ்டேஷனில் கொடுக்கலாம். இணையம் வழியாக ஏமாற்றியிருந்தால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதுங்கள், அதற்கும் அசைவில்லை என்றால் நடுவர் நீதிமன்றம் மூலம் வழக்குப் பதிய உத்தரவு கேட்கலாம்.

ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டோம், விசாரித்துச் சொல்வார்கள் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து. போலீஸ் விசாரணை நடந்தாலும் 30 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யச் சட்டத்தில் தடை இல்லை.

செக்கை நேரில் தரவில்லை. டில்லி கிளையில் என் கணக்கில் போட்டதாக ரசீது போட்டோ அனுப்பினார். பேலன்ஸிலும் தொகை தெரிந்தது. லோடை அனுப்பிவிட்டேன். மறுநாள் தொகை காணோம்.

ஆன்லைன் விற்பனையில் நம்மவர்கள் அதிகம் மாட்டும் இடம் இது. செக் போட்டதும் கணக்கில் தெரியும் தொகை, இன்னும் கிளியர் ஆகாத தொகை. எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அவர் அனுப்பும் ரசீது போட்டோவுக்கோ, செக்கின் போட்டோவுக்கோ, ‘கிரெடிட் ஆகிவிட்டது’ என்று ஏதோ ஒரு எண்ணிலிருந்து வரும் மெசேஜுக்கோ மதிப்பே இல்லை. 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. பகலில் போட்ட செக்குக்கு எதிர் பேங்க் அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. ஒரு நாள் பொறுத்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த ஒரு நாளைக் கொடுக்காமல் ‘வண்டி ரெடியா இருக்கு, இன்னிக்கே ஏத்துங்க’ என்று அவசரப்படுத்துகிறவரை நான் சந்தேகப்படுவேன்.

லோடு போய்விட்டது என்றால் முதலில் லாரி ஆபீஸுக்குப் போன் செய்யுங்கள். வண்டி இன்னும் வழியில் இருந்தால் டெலிவரி கொடுக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். வாங்கியவர் பணம் கட்ட முடியாத நிலையில் இருக்கிறார் என்றால், வழியில் இருக்கும் சரக்கை நிறுத்தும் உரிமையை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்றவருக்குக் கொடுத்திருக்கிறது. அடுத்து, உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கு உடனே எழுதி, அசல் செக்கும் மெமோவும் உங்களிடமே வர வேண்டும் என்று கேளுங்கள். செக்கைப் போட்டவர் அவர். அவரே அதைத் திரும்பப் பெற்றுவிட்டால் உங்கள் வழக்கின் வேரே போய்விடும்.

செக்கில் கூடுதல் தொகை போட்டுவிட்டதாகச் சொன்னார். மிச்சத்தை ஜிபே-யில் அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.

இது கலப்படமில்லாத மோசடி. 60,000 ரூபாய்ச் சரக்குக்கு 95,000 ரூபாய் செக் போட்டுவிட்டு 35,000-ஐ யுபிஐ-யில் வாங்கிக்கொள்வார்கள். செக் திரும்பும்போது உங்கள் 35,000-மும் போயிருக்கும். இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் யுபிஐ-யில் அனுப்பிய பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கே முடக்கிவைக்க அவர்களால் முடியும். அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொல்ல வேண்டும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள்.

முன்பணமாக செக் கொடுத்தார். அது திரும்பியதால் நான் சரக்கே அனுப்பவில்லை. வழக்கு போடலாமா?

138 நிற்பது கடினம். அந்த செக் ஏற்கெனவே இருக்கும் கடனுக்கோ பொறுப்புக்கோ கொடுத்ததாக இருக்க வேண்டும். நீங்கள் சரக்கு அனுப்பவில்லை என்றால் அவர் உங்களுக்குத் தர வேண்டியது என்ன? அவருக்காகவே தனியாகத் தயாரித்த பொருள், வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்றால் ஒப்பந்தத்தை மீறியதற்கான நஷ்ட ஈட்டைச் சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம். மற்றபடி சரக்கு கையில் இருக்கிறதே என்று நிம்மதிப்படுங்கள்.

நோட்டீஸ் போனதும் ‘புளி ஈரமாக இருந்தது, சரக்கு மட்டம்’ என்கிறார்.

நோட்டீஸ் வரும் வரை வராத குறை நோட்டீஸுக்குப் பிறகு வருவது வழக்கம்தான். சட்டத்தின் 139-வது பிரிவு உங்களுக்குத் துணை: செக் கொடுத்தாலே அது கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று காட்டுவது அவர் வேலை. 2010-ல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

இருந்தாலும் அவர் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நம்பும்படி ஒரு காரணம் காட்டினால் போதும். ஆகவே தேதி வரிசை பேசும். சரக்கு இறங்கிய மறுநாளே ஈரமாக இருக்கும் மூட்டையின் போட்டோவை அனுப்பியிருந்தால் அவர் பேச்சில் எடை இருக்கும். ‘சரக்கு வந்துவிட்டது, நல்லா இருக்கு, திங்கட்கிழமை செக் போடுங்க’ என்று அவர் அனுப்பிய செய்தி உங்களிடம் இருந்தால் அவர் வாதம் அதோடு படுத்துவிடும். அனுப்பும்போதே மூட்டையைத் திறந்து, எடை போடுவதோடு சேர்த்து வீடியோ எடுக்கும் பழக்கம் அரூர், ஊத்தங்கரைப் புளி வியாபாரிகளுக்கு வந்தாக வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றம் ஏற்குமா?

ஏற்கும், சான்றிதழோடு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யும்போது இரண்டு பகுதிகள் கொண்ட சான்று வேண்டும். ஒன்றை நீங்களும் மற்றதை ஒரு தொழில்நுட்ப நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்து நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். வழக்கு முடியும்வரை அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மறைந்துபோகும் மெசேஜ் வசதி ஆன் ஆகியிருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.

செக்கைப் பேங்கில் போடும் முன்பே பாதிப் பணத்தைக் கட்டிவிட்டார். முழுத் தொகைக்கு வழக்கு போடலாமா?

கூடாது. செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியை வாங்கியிருந்தால் அதைச் செக்கிலேயே குறிப்பிட்டு மீதிக்குத்தான் பேங்கில் போட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் 138 நிற்காது. மீதிக்குப் புதிய செக் வாங்கிக்கொள்வது சுலபமான வழி.

செக் கம்பெனி பெயரில் இருக்கிறது. யார் மேல் வழக்கு?

கம்பெனியையும் கையெழுத்துப் போட்டவரையும் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். கம்பெனியை விட்டுவிட்டு டைரக்டர் மேல் மட்டும் போட்டால் செல்லாது. அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் டைரக்டர்கள், கூட்டாளிகளையும் சேர்க்கலாம், ஆனால் அவர்கள் என்ன பொறுப்பில் இருந்தார்கள் என்று புகாரில் எழுத வேண்டும். நோட்டீஸ் அனுப்பும்போதே கம்பெனியின் சரியான பெயரை ஜிஎஸ்டி தளத்தில் பார்த்து எழுதுங்கள்.

தண்டனை கிடைத்தால் எனக்கு என்ன லாபம்? பணம் வருமா?

நியாயமான கேள்வி. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அபராதத்திலிருந்து உங்களுக்கு இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடும். பணம் வருவது அந்த வழியாகத்தான். 2018 செப்டம்பர் 1 முதல் இன்னொரு உதவியும் இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். 60 நாளில் கட்ட வேண்டும், காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். இது தானாகக் கிடைக்காது, நீதிபதியின் விருப்புரிமை. வக்கீலிடம் நினைவுபடுத்தி மனு போடச் சொல்லுங்கள். அவர் தோற்று மேல்முறையீடு போனால் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்ல மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படி முடிவதில்லை. வெளிமாநிலத்துக்குச் சம்மன் போய்ச் சேர்வதிலேயே மாதங்கள் ஓடும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலில், வழக்குப் போட்டவரே சம்மனை நேரில் சேர்ப்பிக்கவும், மின்வழியில் அனுப்பவும் இடம் இருக்கிறது. எதிராளியின் ஈமெயில், வாட்ஸ்அப் எண்ணைப் புகாரிலேயே கொடுங்கள். உங்கள் முதல் விசாரணை வாக்குமூலத்தைப் பிரமாண வாக்குமூலமாகவே தாக்கல் செய்யலாம் என்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டியதில்லை.

நாள் தவறிவிட்டது. இனி ஒன்றுமே செய்ய முடியாதா?

138 போய்விட்டது, உங்கள் பணத்தின் மேல் உள்ள உரிமை போகவில்லை. மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்கு போடலாம். செக்கை ஆதாரமாக வைத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-ன் கீழ் சுருக்க வழக்காகப் போட்டால், எதிராளி சம்மன் கிடைத்த 10 நாளில் ஆஜராக வேண்டும், நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் எதிர்வாதம் செய்ய முடியும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-க்கு முன்பு 7.5 சதவீதம், இப்போது 3.

நீங்கள் பொருளைத் தயாரிக்கிறவராக இருந்து உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் வைத்திருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, பலர் அறியாதது. மாங்கூழ் ஆலை, ஜவ்வரிசி ஆலை, தறி, தையல் யூனிட் எல்லாம் இதில் வரும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் எத்தனை நாள் பேசியிருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாக மனு போடலாம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே செய்திருக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

செக் இல்லை. மாதத் தவணை ஆட்டோ டெபிட்டில் வரும்படி கொடுத்திருந்தார், அது திரும்பிவிட்டது.

2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவு, கணக்கில் பணம் போதாமல் திரும்பும் மின்னணுப் பற்றுக்கும் இதே தண்டனையைக் கொடுக்கிறது. 30 நாள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம் எல்லாம் அப்படியே.

வக்கீல் வைக்க வசதியில்லை.

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். வீட்டிலிருந்து ஊறுகாயோ சேலையோ விற்கும் சகோதரிகள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், அது சலுகை இல்லை, உரிமை.

செக் கொடுத்தவர் இறந்துவிட்டார்.

குற்ற வழக்கு அவரோடு முடிந்தது. வாரிசுகளிடம் சிவில் வழக்கு மூலம் கேட்கலாம், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடிக்கச் சொல்கிறார்கள். அங்கே ஒப்புக்கொண்டு பிறகு கட்டாவிட்டால்?

செக் வழக்கு எந்தக் கட்டத்திலும் சமரசம் ஆகக்கூடியது. டில்லிக்காரர் ஒரே தடவையில் முக்கால் பங்கைக் கட்டுகிறேன் என்றால் வருடக்கணக்கில் நடப்பதைவிட அது மேல் என்று நான் பலருக்குச் சொல்வேன். லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அது சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்கு, அதாவது டிகிரிக்குச் சமம். செக் வழக்கில் கொடுத்த தீர்ப்பானாலும் அப்படித்தான் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு, அவருடைய சொத்தையும் பேங்க் கணக்கையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். சொத்து டில்லியில் இருந்தால் டிகிரியை அங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்ல வேண்டும். அதனால் சமரசத் தாளில் கையெழுத்துப் போடும் முன் தவணைத் தேதிகளும், ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டும் என்ற வரியும், அவருடைய சொத்து, கணக்கு விவரங்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.